சம்பா அறுவடைக்குப் பிறகு லிவ்அபோர்டு டைவிங்: மாலத்தீவா, வேறு இடமா?

குடமுருட்டிக்கரை (பாபநாசம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம் குடமுருட்டிப் பாசனத்தில் நெல் சாகுபடி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். என் மைத்துனரும் நானும் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் பயின்று, 18 மீட்டர் ஆழம் வரை இறங்குவதற்கான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்றிருக்கிறோம். அதன் பின்னரும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அங்கேயே இறங்கி வருகிறோம் என்றாலும், எங்கள் பதிவேட்டில் எண்ணிக்கை இன்னும் இருபதைத் தொடவில்லை. வங்கக் கடலின் கரையோர நீர் எப்படியிருக்கும் என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததுதான். சில நாட்களில் நீட்டிய கைக்கு அப்பால் எதுவும் புலப்படாது. ஆகவே, படகிலேயே ஒரு வாரம் தங்கி, தெளிந்த நீரில் நாள்தோறும் இறங்கும் லிவ்அபோர்டு பயணம் ஒன்றுக்குத் திட்டமிடுகிறோம்.

எங்களுக்கு ஓய்வு கிடைப்பது ஆண்டில் ஒரே ஒரு பருவத்தில்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுவதால், குறுவை நாற்றங்காலில் தொடங்கி, சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் கைக்கு வரும்வரை ஊரை விட்டு நகர இயலாது. அறுவடைக்கு முன்பே வயல் ஈரத்தில் தெளித்துவிடும் உளுந்து ஏப்ரலில்தான் கைக்கு வரும். எனவே பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை என்பதே எங்களுக்கு வாய்த்த காலம்.

மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் கொம்புத் திருக்கைகள் நூற்றுக்கணக்கில் வட்டமிட்டு இரை தேடும் காணொளியைப் பார்த்ததிலிருந்து அங்கேதான் போக வேண்டும் என்று மைத்துனர் பிடிவாதமாக இருக்கிறார். பிப்ரவரியில் அது சாத்தியமா? எங்கள் அனுபவத்துக்கு மாலத்தீவுக் கடல் ஏற்றதா? என் மனைவிக்கு டைவிங் தெரியாது, நீச்சலும் சுமார்தான். ஆயினும் உடன் வர விரும்புகிறார். அவர் படகில் ஒரு வாரத்தை எப்படிக் கழிப்பார்? நாங்கள் சைவம் என்பதையும், புதுச்சேரிப் படகிலேயே எனக்குக் குமட்டல் வந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கருதி, அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


வெண்ணாற்றுவாசி (மன்னார்குடி, தற்போது சிங்கப்பூர்) எழுதியது:

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். முதலில் உங்கள் மைத்துனரின் ஆசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வளையப் பவளத் தீவுக்கூட்டமான பா அட்டோலில் உள்ள ஹனிஃபாருவில் கொம்புத் திருக்கைகள் கூடுவது ஏறத்தாழ ஜூன் முதல் நவம்பர் வரையில், அதாவது நீங்கள் வயலில் நிற்க வேண்டிய அதே மாதங்களில். மேலும், அந்த விரிகுடாவுக்குள் சிலிண்டரோடு இறங்க அனுமதியே கிடையாது; மூச்சுக்குழல் வைத்து மேற்பரப்பில் நீந்திப் பார்க்க மட்டுமே விடுகிறார்கள். பா அட்டோல் 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே கட்டுப்பாடு கண்டிப்பானது. ஆகவே அந்தக் காணொளியை வைத்து உங்கள் பயணத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

மாலத்தீவில் எந்த மாதம் எந்தப் பக்கம் போவது என்பதைப் பருவக்காற்றுதான் முடிவு செய்கிறது. நமக்கு மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் வடகிழக்குப் பருவக்காற்று, ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே வறண்ட, அமைதியான பருவத்தைத் தருகிறது. அந்த மாதங்களில் நீரோட்டம் பொதுவாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வதால், திறந்த கடலின் தெளிந்த நீர் அட்டோல்களின் கிழக்கு வாய்கள் வழியே உள்ளே புகுகிறது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர் மிதவைகள் நிறைந்த நீர் மேற்கு வாய்கள் வழியே வெளியேறுகிறது. கொம்புத் திருக்கைகள் அந்த மிதவைகளைத்தான் தின்பவை என்பதால், பிப்ரவரி, மார்ச்சில் அவற்றை ஆரி அட்டோலின் மேற்குப் புறத்தில் பார்க்க வாய்ப்பு உண்டு. தென்மேற்குப் பருவத்தில் இவை அனைத்தும் திசை மாறிவிடும். திமிங்கலச் சுறாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தெற்கு ஆரியில் அதை ஆண்டு முழுவதும் காணலாம்.

ஆக, காலம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. எனக்குத் தயக்கம் நீரோட்டத்தைப் பற்றியதுதான். அட்டோல் என்பது நடுவே கடலேரியும் சுற்றிலும் பவளத்திட்டு வளையமுமாக அமைந்தது. அந்த வளையத்தில் உள்ள இடைவெளிகளை அவ்வூரார் ‘கண்டு’ என்கிறார்கள். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு அந்தச் சிறிய வாய்கள் வழியாகத்தான் போய்வர வேண்டும் என்பதால், கல்லணையில் மதகைத் தூக்கியதும் தண்ணீர் எப்படிப் பாயுமோ அப்படிப் பாயும். சுறாக்கள் கூடுவதும் அங்கேதான். அதனால் படகுக்காரர்கள் கூட்டிச் செல்வதும் அங்கேதான். நீரில் குதித்த உடனே மேற்பரப்பில் நிற்காமல் விரைந்து இறங்கி, கண்டின் விளிம்பில் 25, 30 மீட்டர் ஆழத்தில், பவளமற்ற பாறையில் கொக்கியை மாட்டிக்கொண்டு, கொடி பறப்பதைப் போலக் கிடைமட்டமாக நின்று பார்க்க வேண்டும். சற்றுத் தலையைத் திருப்பினாலே முகமூடியை நீரோட்டம் பிடுங்கப் பார்க்கும். மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் எல்லை. உங்கள் சான்றிதழுக்கோ 18. அட்வான்ஸ்டு சான்றிதழும் ஐம்பது டைவ் அளவுக்கு அனுபவமும் இருந்தால்தான் ஏற்றிக்கொள்ளும் படகுகளும் உண்டு, குறிப்பாகத் தெற்குக் கோடி அட்டோல்களுக்குச் செல்பவை. அப்படிக் கேட்காமல் எவரையும் ஏற்றிக்கொள்ளும் படகைக் கண்டால்தான் நான் அஞ்சுவேன்.

எனவே என் கருத்து, முதல் லிவ்அபோர்டு பயணத்துக்குத் தாய்லாந்தின் சிமிலான் தீவுகளே பொருத்தம் என்பதாகும். அந்தத் தேசியப் பூங்கா மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்பட்டிருக்கும். பிப்ரவரியும் மார்ச்சும் அங்கே நல்ல பருவம். நான்கைந்து நாள் பயணங்கள் கிடைப்பதால் ஒரு வாரம் கடலில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. தீவுகளின் கிழக்குப் புறம் மெல்லச் சரியும் பவளத் திட்டுகளும், மேற்குப் புறம் வீடு வீடாக அடுக்கியது போன்ற கருங்கற்பாறைகளும் உள்ளன. புதியவர்களைக் கிழக்கில் இறக்கிப் பார்த்துவிட்டே மேற்குக்கு அழைத்துச் செல்வார்கள். வடக்கே கோ போன், கோ தாச்சாய், சூரின் தீவுகளுக்கு அருகே ரிச்சலூ பாறை என்று பயணம் நீளும்.

அன்றாட ஒழுங்கு எல்லாப் படகுகளிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆறு மணிக்கு மணியடித்து எழுப்பி, காப்பி என்ற பெயரில் ஏதோ ஒன்றைத் தந்து, வெள்ளைப் பலகையில் அந்த இடத்தின் படத்தை வரைந்து விளக்கி நீரில் இறக்குவார்கள். ஏறி வந்ததும் காலை உணவு, சற்று ஓய்வு, இரண்டாவது டைவ், மதிய உணவு, உறக்கம், மூன்றாவது டைவ், சில நாட்களில் இரவிலும் ஒன்று. பின்தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படும். முதல் நாள் மாட்டிய சிலிண்டர் கடைசி நாள் வரை அங்கேயே இருக்கும். நீங்கள் உணவருந்தும் நேரத்தில் கம்ப்ரசர் குழாயை இழுத்து வந்து அதிலேயே 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிவிடுவார்கள். நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) பயன்படுத்துகிறவர் எனில், ஒவ்வொரு முறையும் அளவுமானியைச் சிலிண்டர் வாயில் பிடித்து ஆக்ஸிஜன் விழுக்காட்டை நீங்களே பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த வேலையைப் பிறரிடம் விடாதீர்கள்.

செலவைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையில் கருவி வாடகை, நைட்ராக்ஸ், பூங்காக் கட்டணம், பணியாளர்களுக்கான அன்பளிப்பு ஆகியவை பெரும்பாலும் அடங்காது. மாலத்தீவில் இவற்றோடு ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரியும் சேரும்.


அக்கரைப்பேட்டைக்காரன் (நாகப்பட்டினம்) எழுதியது:

வணக்கம். வெண்ணாற்றுவாசி அண்ணன் கடலுக்குள் இருப்பதைச் சொல்லிவிட்டார். நான் படகைப் பற்றிச் சொல்கிறேன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் அந்தமானிலும் மாலத்தீவிலும் டைவ் படகுகளில் இயந்திரப் பொறுப்பில் வேலை பார்த்தவன் நான். லிவ்அபோர்டு படகில் பயணிகள் சுறாவுக்கும் நீரோட்டத்துக்கும் அஞ்சுகிறார்கள். நான் அஞ்சுவது தீக்குத்தான்.

2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாக் கடலில் ‘கன்செப்ஷன்’ என்ற டைவ் படகு நங்கூரமிட்டு நின்றிருந்த நிலையில் அதிகாலையில் தீப்பிடித்து எரிந்தது. கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தனர். இரவில் சுற்றி வந்து கண்காணிக்க ஒருவரும் இல்லை என்பதும், கீழ்த்தளத்துக்கு இருந்த இரண்டு வழிகளும் தீ எரிந்த அதே அறையில்தான் போய்த் திறந்தன என்பதும் விசாரணையில் வெளிவந்தன. படகே எரிந்து மூழ்கியதால் தீ மூண்ட காரணத்தை உறுதியாகக் கண்டறிய முடியவில்லை. எனினும் பயணிகள் மின்னேற்றத்துக்கு வைத்திருந்த லித்தியம் பேட்டரிகள் மீதும் பேச்சு எழுந்தது. அந்தப் படகின் கேப்டன் 2023இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். செங்கடலிலும் அண்மை ஆண்டுகளில் டைவ் படகுகள் எரிந்தும் கவிழ்ந்தும் உயிர்கள் போயிருக்கின்றன.

எனவே முன்பணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள். இரவு முழுவதும் விழித்திருக்கும் காவல் ஆள் உண்டா? கீழ்த்தள அறைகளிலிருந்து வெளியேற, வெவ்வேறு இடங்களில் திறக்கும் இரண்டு வழிகள் உண்டா? கேமரா, டார்ச் பேட்டரிகளை எங்கே மின்னேற்றுவார்கள்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆக்ஸிஜன் சிலிண்டரும் அதைக் கொடுக்கத் தெரிந்த ஆளும் படகில் உண்டா? இவற்றுக்கு நேராகப் பதில் எழுதாமல் புகைப்படங்களை மட்டும் அனுப்புகிறவர்களை விட்டுவிடலாம். ஏறிய முதல் மாலையிலேயே உயிர்காப்பு அங்கியை அணியச் சொல்லி, அவசர வழியில் நடத்திக் காட்டினால் அது ஒழுங்கான படகு. காட்டாவிட்டால் நீங்களே கேட்டு அந்த வழியில் ஒரு முறை ஏறிப் பாருங்கள். அவசர வாயிலின் மேல் தளத்தில் யாரேனும் மெத்தையையோ மீன் பெட்டியையோ வைத்திருப்பது நான் அடிக்கடி கண்ட காட்சி.

குமட்டல் வருகிறவர் அறையைத் தேர்ந்தெடுக்கும்போது காட்சி அழகுக்காக மேல்தள முகப்பு அறையைக் கேட்க வேண்டாம். ஆட்டம் குறைவாக இருப்பது படகின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில்தான். ஆனால் அதே கீழ்த்தளம்தான் தீ விபத்தில் ஆபத்தானது என்பதால், வழி எங்கே என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரிந்த பிறகு படுங்கள்.

இன்னொன்று. இருபதைத் தொடாத எண்ணிக்கையுடன் நேரே லிவ்அபோர்டுக்குப் போவதைவிட, முதலில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், இப்போது ஸ்வராஜ் தீவு என்கிறார்கள், கரையில் தங்கி நான்கைந்து நாட்கள் இறங்கிப் பாருங்கள் என்பதே என் எண்ணம். கடவுச்சீட்டும் வேண்டாம், டாலரும் வேண்டாம், சென்னையிலிருந்து விமானம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே கடல் அமைதியாக இருக்கும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுநாள் இறங்காமல் விட்டுவிடலாம். நடுக்கடலில் ஒரு வாரத்துக்குப் பணம் கட்டிவிட்டவருக்கு அந்த மனம் எளிதில் வராது. அண்ணன் இதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.


தஞ்சை மருத்துவர் எழுதியது:

நான் டைவிங் மருத்துவ நிபுணன் அல்லன்; காது மூக்கு தொண்டை மருத்துவன், டைவிங்கும் செய்கிறவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுவதால், 18 மீட்டரில் உடல் ஏறத்தாழ 2.8 மடங்கு அழுத்தத்தில் சுவாசிக்கிறது. அப்போது இரத்தத்திலும் திசுக்களிலும் கரையும் நைட்ரஜன், மேலே வந்ததும் முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. புதுச்சேரியில் ஒரு காலையில் இரண்டு முறை இறங்கிவிட்டு ஊர் திரும்புவதற்கும், நாளுக்கு மூன்று நான்கு முறை எனத் தொடர்ந்து பல நாட்கள் இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: மிச்சம் நாளுக்கு நாள் சேர்கிறது; அது குமிழ்களாகிவிட்டால் உடம்பைப் பாதிக்கும். ஆகவே ஆளுக்கொரு டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு வரம்பைக் காட்டும் கைக்கருவி) கட்டாயம். மைத்துனரின் கம்ப்யூட்டரைப் பார்த்து நீங்கள் இறங்கக் கூடாது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடங்கள் நிற்பதை எந்த டைவிலும் விட்டுவிடாதீர்கள். நைட்ராக்ஸ் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. 32 விழுக்காடு ஆக்ஸிஜன் உள்ள கலவையில் நைட்ரஜன் குறைவு. ஆனால் அதற்கு ஏறத்தாழ 34 மீட்டர், 36 விழுக்காட்டுக்கு 29 மீட்டர் என ஆழ வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஆக்ஸிஜனே நஞ்சாகி நீருக்குள் வலிப்பு வரக்கூடும்.

பல நாட்கள் தொடர்ந்து இறங்கியவர் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் வழிகாட்டுதல். நான் 24 மணி நேரம் என்றே சொல்வேன். விமானத்தின் உட்புற அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். புதுச்சேரியில் இறங்கிவிட்டு அன்றிரவே கொடைக்கானலுக்கு வண்டி ஏறுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

டைவிங் மருத்துவப் படிவத்தில் 45 வயதைக் கடந்தவர்களுக்கென்று தனிக் கேள்விகள் உள்ளன. ஆஸ்துமா, இதய நோய், நீரிழிவு, காதில் ஓட்டை, அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுத நேர்ந்தால் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் படகில் இறங்க விடமாட்டார்கள். மறைத்து எழுதினாலோ காப்பீடும் கைவிடும், உயிருக்கும் ஆபத்து. இதைப் பயணச் சீட்டு வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சளி பிடித்திருக்கும்போது மூக்கடைப்புக்கு மருந்து போட்டுக்கொண்டு இறங்குவது கூடாது. ஆழத்தில் மருந்தின் வேகம் தீர்ந்தால் ஏறும் வழியில் காதிலும் நெற்றிக் குழிகளிலும் காற்று சிக்கிக்கொள்ளும். குமட்டலுக்கு நம் ஊரில் எல்லோரும் வாங்கும் ஏவோமின் தூக்கத்தைத் தரும். டைவிங்குக்கு அது உகந்ததன்று. உங்களுக்கு எந்த மருந்து ஒத்துவருகிறது என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் உட்கொண்டு பாருங்கள்.

காப்பீடு குறித்து: சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கக்கூடும். நைட்ரஜன் குமிழ் பாதிப்புக்கான அழுத்த அறைச் சிகிச்சையும் கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் செலவும் அடங்கிய டைவிங் காப்பீடு தனியாக எடுங்கள். மாலத்தீவில் பண்டோஸ் தீவிலும், தாய்லாந்தில் புக்கெட்டிலும் அழுத்த அறைகள் உள்ளன.


குடமுருட்டிக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மைத்துனருக்கு இந்தத் திரியை அப்படியே காட்டினேன். ஹனிஃபாருவைக் கைவிட்டுவிட்டார், ஆனால் அந்தமானுக்கு அவர் மனம் இசையவில்லை. சிமிலான் என்று ஏறத்தாழ முடிவாகியிருக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. என் மனைவியைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்தது, நீரோட்டம் இழுத்துச் சென்று படகின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மேலே வந்துவிட்டால் என்ன செய்வது என்று மனைவி கேட்கிறார். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு.


நாங்கூர்ப்பெண் (சீர்காழி) எழுதியது:

வணக்கம் அண்ணா. பெண்கள் இங்கே எழுதுவது குறைவு என்பதால் அண்ணியின் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

டைவிங் செய்யாதவர் லிவ்அபோர்டில் வருவது பற்றி இனிப்பாகப் பேச எனக்கு விருப்பமில்லை. நாள் முழுவதும் மற்றவர்கள் நீருக்குள் இருப்பார்கள், அல்லது அடுத்த டைவுக்காக உறங்குவார்கள். இரவில் பேச்சும் பார்த்த மீன்களைப் பற்றியதாகவே இருக்கும். சிமிலான் படகுகளில் நீந்திப் பார்க்க வருகிறவர்களையும் ஏற்றிக்கொள்வது உண்டு. உயிர்காப்பு அங்கியுடன் ஆழமில்லாத பவளத் திட்டுகளின்மேல் மிதந்து பார்க்கலாம். ஒரு மாலையில் தீவில் இறக்கிக் கடற்கரையில் நடக்க விடுவார்கள். ஆனால் இரவில் தீவில் தங்குவதற்கு 2018 முதல் அனுமதி இல்லை. அண்ணிக்கு நீச்சலில் நம்பிக்கை இல்லை என்றால், இப்போதே கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்து பழகச் சொல்லுங்கள். அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதன் பிறகு அவருக்கே ஆசை வந்தால் புதுச்சேரியில் பயிற்சி பெற்று உங்களோடு இறங்கலாம். ‘உடன் வருகிறவர்’ என்று அவரை முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றியது. தவறாக எண்ண வேண்டாம்.

அவர் டைவிங்கை விரும்பவில்லை, அதே நேரத்தில் குடும்பமாகப் போவதுதான் முக்கியம் என்றால், லிவ்அபோர்டை விட்டுவிட்டு மாலத்தீவில் உள்ளூர் மக்கள் வாழும் தீவு ஒன்றில் விருந்தினர் இல்லத்தில் தங்குவது மேல். தெற்கு ஆரியின் திகுராவில் தங்கினால் நீங்கள் இருவரும் காலையில் டைவ் படகில் சென்று மதியம் திரும்பலாம். அண்ணி நீண்ட மணற்கரையில் நடக்கலாம், திமிங்கலச் சுறாவைப் பார்க்கப் போகும் படகில் அவரும் வரலாம். வெண்ணாற்றுவாசி அஞ்சும் கண்டுகளுக்குப் போகாமல், நீரோட்டம் குறைந்த திட்டுகளை மட்டும் கேட்டு வாங்கும் உரிமையும் அப்போது உங்களுக்கு இருக்கும்.

சிமிலான்தான் என்றால் வழி இது: திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து புக்கெட், பிறகு சாலை வழியே வடக்கே ஒன்றரை மணி நேரத்தில் காவோ லாக். படகுகள் பெரும்பாலும் அருகிலுள்ள தப் லாமு துறையிலிருந்து புறப்படும். படகில் ஏறியதும் எல்லோருடைய செருப்பையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். கரை திரும்பும்வரை வெறுங்காலோடுதான் நடமாட்டம். முகமூடியும் கம்ப்யூட்டரும் கைப்பையில் இருக்கட்டும். மற்றவற்றை வாடகைக்கு வாங்கலாம். அட்வான்ஸ்டு பயிற்சியைப் படகிலேயே முடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். தாய்லாந்துக்குள் நுழைய இப்போது வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும்; விசா விதியைப் புறப்படும் மாதத்தில் மீண்டும் ஒரு முறை சரிபாருங்கள்.

சைவ உணவு கிடைக்கும், ஆனால் ‘சைவம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. தாய்ச் சமையலில் மீன் சாறு எல்லாவற்றிலும் புகுந்துவிடும். மீன் சாறும் இறால் விழுதும் சிப்பிச் சாறும் வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதி அனுப்புங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கையில் இருப்பது எப்போதும் நல்லது.

திரியை விட்டுச் சற்று விலகுகிறேன்: காவோ லாக் இருப்பது தகுவாபா வட்டாரத்தில். அங்கே கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, நாங்கூருடையான் ஒருவர் வெட்டுவித்த அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதன் காவலில் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரையும் குறிப்பிடுகிறது. இத்தனை அழகான கடல் இருக்கும் ஊருக்குப் போயும் எங்கள் ஊர்க்காரர் குளம்தான் வெட்டியிருக்கிறார்.


அக்கரைப்பேட்டைக்காரன் எழுதியது:

அந்தமான் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள், இருக்கட்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன். படகுக்கு உங்களைக் காட்டுவது மிதவைக் குழல்தான். ஆரஞ்சு நிறத்தில் ஆளுயரம் நிற்கும். வழிகாட்டி வைத்திருப்பார் என்று விட்டுவிடாமல் உங்களுக்கு ஒன்று, மைத்துனருக்கு ஒன்று சொந்தமாக வாங்குங்கள், ஊதலும் ஒன்று சேர்த்து. ஓரடி அலை இருந்தாலே இருநூறு மீட்டர் தூரத்தில் மிதக்கும் தலையைப் படகிலிருந்து காண்பது கடினம். குழல் நின்றால் நெடுந்தூரத்திலிருந்தும் தெரிந்துவிடும்.

கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் மட்டும் சுற்றிலும் தேடிவிட்டு ஏறத் தொடங்குங்கள். 5 மீட்டரில் நிற்கும்போதே குழலை மேலே அனுப்பிவிட்டால், நீங்கள் நின்று முடிப்பதற்குள் படகு உங்கள் தலைக்கு அருகில் வந்து காத்திருக்கும். மேலே வந்ததும் பி.சி.டி.யில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று அங்கி) காற்றை நிரப்பிக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாமல், இருவரும் கையைப் பிடித்தபடி ஒன்றாக மிதந்தால் போதும். இதைச் சிமிலானில் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். புதுச்சேரியில் உங்கள் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே சில முறை விட்டுப் பழகுங்கள். குழலோடு கட்டிய நூல் சுருள் எங்கேனும் சிக்கிக்கொண்டால் அதைக் கையிலிருந்து அப்படியே விட்டுவிட வேண்டும்; பிடித்துக்கொண்டே இருந்தால் குழல் உங்களையும் சேர்த்து மேலே இழுத்துவிடும். சுருளின் கொக்கியை எந்த நேரத்திலும் பி.சி.டி.யில் மாட்டிக்கொண்டு குழலை ஊதாதீர்கள்.